ஓடும் காரில் கருகல் வாடை: ஜூஜுவாடி வரிசை முதல் மேலுமலை இறக்கம் வரை

ஞாயிற்றுக்கிழமை மாலை. சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கமிருந்து பெங்களூருக்குத் திரும்பும் கார்கள் ஓசூரைத் தாண்டி ஜூஜுவாடியில் வந்து அடைகின்றன. மாநில எல்லை அது. இந்தப் பக்கம் சிப்காட், அந்தப் பக்கம் அத்திப்பள்ளி. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபிறகு வணிகவரிச் சாவடி போனது, நெரிசல் போகவில்லை. லாரி, கம்பெனி பஸ், காய்கறி ஏற்றிய டெம்போ, இவற்றின் நடுவே உங்கள் கார். ஓரடி நகர்வதும் நிற்பதுமாக அரை மணி நேரம் போகிறது. அப்போது காருக்குள் மெல்ல ஒரு கருகல் வாடை ஏறுகிறது. “முன்னால போற லாரியா இருக்கும்” என்று சொல்லிக் கண்ணாடியை ஏற்றிவிடுகிறோம்.

நானும் ஒருமுறை அப்படித்தான் சொன்னேன். அத்திப்பள்ளியைத் தாண்டியதும் ஆக்சிலரேட்டரை மிதித்தால் இன்ஜின் இரைந்தது, வண்டி நகரவில்லை. வந்து பார்த்த மெக்கானிக், “சார், வாடை வந்தப்பவே ஒரு கால் மணி நேரம் ஓரங்கட்டியிருந்தா பிளேட்டு தப்பிச்சிருக்கும்” என்றார். கிளட்ச் செட் முழுவதையும் மாற்ற வேண்டியதாயிற்று. அன்று அவர் சொன்னதை விரித்து எழுதியதே இந்த அத்தியாயம்.

மூக்கு மட்டுமே மீட்டராக இருக்கும் இடங்கள்

இன்ஜின் சூடு ஏறினால் காட்ட மீட்டரோ விளக்கோ உண்டு. ஆயில் பிரஷர் விழுந்தாலும் பேட்டரிக்கு சார்ஜ் போகாவிட்டாலும் விளக்கு எரியும். ஆனால் கிளட்ச் பிளேட் கருகுவதை, ஒரு வீலில் மட்டும் பிரேக் பிடித்துக்கொண்டிருப்பதை, ஒயரின் மேலுறை உருகுவதை, சூடான சைலன்சர் குழாய் மேல் ஆயில் சொட்டுவதைக் காட்டப் பெரும்பாலான கார்களில் எந்த விளக்கும் இல்லை. இந்த நான்குக்கும் மூக்குதான் மீட்டர்.

அந்த மீட்டரில் ஒரு குறை உண்டு. ஒரே வாடையில் சில நிமிடம் இருந்தால் மூக்கு பழகிவிடும். பிறகு அந்த வாடை தெரியாது. “இப்ப வரல, சரியாயிடுச்சு” என்று நினைப்பது பல நேரம் மூக்கின் அலுப்பு, வண்டியின் குணம் அல்ல. அதனால் வாடை அடங்கியதுபோல் தோன்றினாலும் இறங்கி, இரண்டு நிமிடம் வெளிக்காற்றில் நின்று, திரும்ப வந்து முகர்ந்து பாருங்கள்.

முதல் இரண்டு நிமிடம்

1. ஏசியையும் பாட்டையும் நிறுத்துங்கள். நான்கு இண்டிகேட்டரும் மின்னும் ஹஸார்ட் சுவிட்சைப் போடுங்கள்.

2. இடது ஓரம் ஒதுங்குங்கள். மேம்பாலத்தின் மேலும் வளைவிலும் நிற்க வேண்டாம். ஓசூர்ப் பகுதியில் பல இடங்களில் சர்வீஸ் ரோடு இருக்கிறது. அதில் இறங்கிவிடுவது நல்லது. புகை தெரிந்தால் மட்டும் இடம் தேடாமல் உடனே நிறுத்துங்கள்.

3. சாவியை ஆஃப் செய்வதற்கு முன் கதவுகளின் லாக்கை எடுத்துவிடுங்கள். ஒயரிங் உருகினால் சென்ட்ரல் லாக்கும் பவர் விண்டோவும் வேலை செய்யாமல் போகலாம்.

4. எல்லோரும் வண்டிகள் போகும் பக்கம் இறங்காமல், இடது கதவு வழியே இறங்கித் தள்ளி நில்லுங்கள். குழந்தைகள், பெரியவர்கள் முதலில். பை, லேப்டாப் எல்லாம் பிறகு.

5. ஐம்பது தப்படியாவது பின்னால் நடந்து சிவப்பு முக்கோணத்தை வையுங்கள். ஜூஜுவாடி நெரிசலைக் கடந்து வேகம் எடுத்து வரும் லாரிக்காரர் உங்களைத் தூரத்திலேயே பார்க்க வேண்டும்.

6. பேனட் இடுக்கிலிருந்து புகை வந்தால் பேனட்டை முழுதாகத் தூக்காதீர்கள். காற்று புகுந்ததும் தீ எழும்பும். உள்ளிருந்து லீவரை இழுத்து, கிடைக்கும் சிறு இடைவெளியில் தீயணைப்பான் பவுடரை அடியுங்கள். தீ பிடித்துவிட்டால் வண்டியை விட்டு விலகுங்கள். 112 எண் எல்லையின் இரண்டு பக்கமும் எடுக்கும். தேசிய நெடுஞ்சாலை உதவிக்கு 1033.

வாடை நம்முடையதா, ஊருடையதா?

வண்டி செய்யும் ஊர் ஓசூர். 1980 வாக்கில் அசோக் லேலண்டும் டிவிஎஸ்ஸும் ஓசூரில் உற்பத்தியைத் தொடங்கின. அவற்றைச் சுற்றி வார்ப்படம், ரப்பர், பெயின்ட், பிளாஸ்டிக் வேலை செய்யும் சிறு பட்டறைகள் பெருகின. ஜூஜுவாடி, மூக்கண்டப்பள்ளிப் பக்கம் போகும்போது வெளிக்காற்றிலேயே பல நெடிகள் இருக்கும். ஓரத்தில் குப்பை எரியும். பாரம் ஏற்றிய லாரியின் கிளட்ச், பிரேக் வாடையும் சேரும். இங்கே மூக்கு ஏமாறுவது இயல்பு.

இதைப் பிரித்தறிய எளிய வழி ஒன்று உண்டு. ஏசி பட்டன்களில், காருக்குள் வளைந்த அம்பு போட்ட பட்டன் இருக்கும். அதை அழுத்தினால் வெளிக்காற்று நின்று உள்காற்றே சுற்றும். புகை இல்லையென்றால் மட்டும், அழுத்திக் கொஞ்ச தூரம் போங்கள். வாடை குறைந்துகொண்டே வந்தால் அது ஊருடையதாக இருக்கலாம். அப்படியே நின்றாலோ கூடினாலோ பெரும்பாலும் உங்களுடையது. நின்ற இடத்தில் இறங்கி நான்கு வீல், பேனட், பின்பக்கம் என்று ஒரு சுற்று வந்து முகர்ந்தால் சந்தேகம் தீரும். ஒரு இடத்தில் மட்டும் நெடி கூடுதலாக இருந்தால் வண்டியே விரல் நீட்டிக் காட்டுகிறது என்று பொருள்.

எந்த வேலையின்போது வந்தது?

வாடை எப்படிப்பட்டது என்று மட்டும் யோசித்தால் குழப்பம் மிஞ்சும். ஒருவருக்குக் காகிதம் கருகியதுபோல் இருப்பது இன்னொருவருக்கு ரப்பர்போல் இருக்கும். அதனால் கூடவே இன்னொன்றையும் கேளுங்கள்: வாடை வந்த அந்த நிமிடத்தில் என் கால் எங்கே இருந்தது, எந்த சுவிட்ச் போட்டிருந்தது, சாலை ஏற்றமா இறக்கமா? நகர்ந்து நின்று நகரும் வரிசை என்றால் கிளட்ச். நீண்ட இறக்கம் என்றால் பிரேக். இரவில் ஹெட்லைட் போட்டபிறகு என்றால் ஒயர். மே மாத வெயிலில் ஏசி போட்டு ஏறும்போது என்றால் கூலன்ட் அல்லது பெல்ட். வாடையையும் வேலையையும் சேர்த்துப் பார்த்தால் பழுது எங்கே என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும்.

ஜூஜுவாடி வரிசை: கிளட்ச்

பழைய செய்தித்தாள் கட்டு கனன்றதுபோல், தொண்டையில் கொஞ்சம் காரமாக இறங்கும் வாடை கிளட்ச் பிளேட்டுடையது. பிளேட்டின் மேல் ஒட்டிய உராய்வுப் பொருளில் பிசின் கலந்திருக்கும். பிளேட் முழுதாகப் பிடிக்காமல் வழுக்கிச் சுற்றும்போது அந்தப் பிசின் கருகுகிறது. வழுக்க வைப்பது பெரும்பாலும் நம் இடது கால்தான். ஹாஃப் கிளட்ச்சிலேயே வண்டியை அங்குலம் அங்குலமாக நகர்த்துவது, மேட்டில் பிரேக் போடாமல் கிளட்ச்சாலேயே நிறுத்தி வைப்பது, ஓடும்போது பெடல் மேல் காலை ஓய்வாக வைத்திருப்பது, செகண்ட் கியரில் கிளப்புவது ஆகியவை எல்லாம் பிளேட்டைத் தின்னும்.

இதற்கு முதல் மருந்து ஓய்வு. ஓரங்கட்டி, நியூட்ரலில் ஹேண்ட் பிரேக் போட்டு, இருபது நிமிடமாவது ஆற விடுங்கள். ஒரே ஒரு தடவை கருகியதால் பிளேட் போய்விடாது. ஆறியபின் நாலாவது கியரில் ஐம்பது வேகத்தில் போகும்போது ஆக்சிலரேட்டரை அழுத்திப் பாருங்கள். இன்ஜின் இரைச்சல் ஏறி, வேகம் ஏறாமல் இருந்தால் பிளேட் வழுக்குகிறது. சமதளத்தில் நின்றபடியும் பார்க்கலாம்: முன்னால் இடம் காலியாக இருக்க, ஹேண்ட் பிரேக்கை இறுக்கி, மூன்றாவது கியர் போட்டு, கிளட்ச்சை மெல்ல விடுங்கள். நல்ல கிளட்ச் என்றால் இன்ஜின் உடனே நின்றுவிடும். நிற்காமல் ஓடினால் மாற்றும் காலம் வந்துவிட்டது. இந்தச் சோதனையை ஒரு தடவைக்கு மேல் செய்யாதீர்கள். சோதனையே பிளேட்டைக் கருக்கும்.

மாற்றும்போது பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் சேர்த்தே மாற்றுங்கள். எதை மாற்றவும் கியர்பாக்ஸை இறக்கியாக வேண்டும். அந்தக் கூலியை இரண்டு முறை கொடுக்க வேண்டாம். ஃபிளைவீல் முகத்தில் நீலம் பாய்ந்திருக்கிறதா, கோடு விழுந்திருக்கிறதா என்று நேரில் பாருங்கள். இன்ஜின் ஆயில் சீல் கசிந்து பிளேட் மேல் பட்டிருந்தால் சீலையும் மாற்றச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் புது பிளேட்டும் வழுக்கும்.

வரிசையில் பிளேட்டைக் காப்பாற்ற: முன்வண்டி நகர்ந்ததும் ஒட்டிக்கொண்டு போகாதீர்கள். இரண்டு கார் நீளம் இடம் விழட்டும். பிறகு ஃபர்ஸ்ட் கியரில் கிளட்ச்சை முழுக்க விட்டு உருண்டு போய், நின்றதும் நியூட்ரல் போடுங்கள். பின்னால் ஹார்ன் அடிப்பார்கள். அடிக்கட்டும்.

மேலுமலை இறக்கம்: பிரேக்

ஓசூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது; கிருஷ்ணகிரி சுமார் 500 மீட்டர். ஓசூரிலிருந்து தெற்கே போகும்போது, இடையில் உள்ள ஐம்பது கிலோமீட்டரில் அந்த உயர வித்தியாசத்தை இறங்குகிறோம். சூளகிரியைத் தாண்டி மேலுமலையில் இறக்கம் நன்றாகத் தெரியும். இன்னும் தெற்கே போனால் தருமபுரிக்கும் சேலத்துக்கும் நடுவே தொப்பூர் கணவாய். பிரேக் சூடேறிக் கட்டுப்பாடு இழந்த லாரிகளால் எத்தனையோ உயிர்கள் பறிபோன இடம் அது. கார் ஓட்டுபவருக்கும் அங்கே பாடம் உண்டு.

பிரேக் வாடை கிளட்ச் வாடைக்குப் பக்கத்து வீடு. ஆனால் கொஞ்சம் உலோகச் சூடு கலந்திருக்கும். வீல் பக்கம் போனால் கூடும். புறங்கையை ஒவ்வொரு வீலுக்கும் அருகே, தொடாமல், கொண்டுபோய்ப் பாருங்கள். நான்கும் சூடு என்றால் நீங்கள் பிரேக்கை அதிகம் மிதித்திருக்கிறீர்கள். ஒன்று மட்டும் கொதித்தால் அங்கே கேலிப்பர் ஜாம். பின்வீல் இரண்டும் மட்டும் கொதித்தால் முதலில் ஹேண்ட் பிரேக்கை முழுக்க இறக்கினோமா என்று பாருங்கள். பெரும்பாலும் பதில் அதுதான். சூட்டோடு ‘ஊம்’ என்ற இரைச்சலும் சேர்ந்து வந்திருந்தால் வீல் பேரிங் சந்தேகத்துக்குரியது.

செய்யக் கூடாதவை இரண்டு. சூடான டிஸ்க் மேல் தண்ணீர் ஊற்றாதீர்கள். டிஸ்க் வளையும், விரிசல் விடும். பிரேக் கொதிக்கும்போது ஹேண்ட் பிரேக் இழுக்காதீர்கள், ஒட்டிக்கொள்ளக்கூடும். சமதளத்தில் கியரில் நிறுத்தி, வீலுக்குக் கல் வைத்து, அரை மணி நேரம் ஆற விடுங்கள்.

பெடல் பஞ்சுபோல் உள்ளே போனால் ஆறிய பிறகும் ஓட்டாதீர்கள். பிரேக் ஆயில் கொதித்து உள்ளே ஆவிக் குமிழ்கள் சேர்ந்திருக்கலாம். டாட் 4 தர ஆயிலுக்குப் புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 230 டிகிரி இருக்க வேண்டும். ஈரம் ஏறிய ஆயிலுக்கு அதே தரம் கேட்பது 155 டிகிரிதான். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்வது இதற்காகத்தான்.

இறக்கத்தில் நியூட்ரல் போட்டால் பெட்ரோல் மிச்சம் என்று சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இன்றைய இன்ஜெக்‌ஷன் இன்ஜின்களில் உண்மை நேர்மாறு. கியரில், ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து இறங்கும்போது எரிபொருள் வரத்து நின்றுவிடுகிறது. நியூட்ரலில்தான் இன்ஜினைச் சுற்ற வைக்க எரிபொருள் செலவாகிறது. எந்த கியரில் ஏறுவீர்களோ அதே கியரில் இறங்குங்கள். பாதி பிரேக் வேலையை இன்ஜின் செய்துவிடும்.

இரவு ஓட்டம்: ஒயர்

பிளாஸ்டிக் உருகும் நெடி, சில நேரம் கருவாட்டு வாடைபோலவும் வரும். இதற்குத் தாமதமே கூடாது. சாவி ஆஃப், எல்லோரும் வெளியே, பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள். பெரும்பாலான கார்களில் அதற்கு 10 நம்பர் ஸ்பானர் போதும். புகை இருந்தால் இதுவும் வேண்டாம், விலகிவிடுங்கள்.

காரணம் பெரும்பாலும் நாமே போட்டதாக இருக்கும். கம்பெனி ஹெட்லைட் பல்பு பல கார்களில் 60 வாட். 12 வோல்ட்டில் 5 ஆம்பியர் இழுக்கும். “வெளிச்சம் பத்தல” என்று 100 வாட் போட்டால் 8 ஆம்பியருக்கு மேல். ஒயரில் எழும் சூடு ஆம்பியரின் வர்க்கத்தில் ஏறும் என்பதால், அதே ஒயர் முன்னைவிட ஏறத்தாழ இரண்டே முக்கால் மடங்கு சூடாகிறது. ரிலே வைத்துத் தனி ஒயர் இழுக்காமல் பல்பை மட்டும் மாற்றுவது தீயை விலைகொடுத்து வாங்குவதற்குச் சமம். கூடுதல் ஹார்ன், ஆம்ப்ளிஃபயர், கேமரா எல்லாவற்றுக்கும் இதே கணக்கு.

ஃபியூஸ் போனால் அதே அளவு ஃபியூஸ்தான் போட வேண்டும். சிவப்பு 10 ஆம்பியர், நீலம் 15, மஞ்சள் 20, பச்சை 30. மறுபடி போனால் எங்கோ ஷார்ட் இருக்கிறது. பெரிய ஃபியூஸோ கம்பித்துண்டோ வைத்தால், ஃபியூஸ் எரிய வேண்டிய இடத்தில் வண்டி எரியும். எலி கடித்த ஒயரை டேப் சுற்றி விடாமல், கடித்த பகுதியை மாற்றச் சொல்லுங்கள்.

மற்ற வாடைகள்

ஆயில்: அடுப்பில் எண்ணெய் தீய்ந்த வாடை. டேப்பெட் கவர் பேக்கிங் கசிந்து, சூடான எக்ஸாஸ்ட் மேல் சொட்டுவது வழக்கமான காரணம். சர்வீஸ் முடிந்த மறுநாள் மட்டும் வந்தால் ஊற்றும்போது சிந்திய ஆயிலாக இருக்கலாம், துடைத்தால் போகும். தொடர்ந்தால் டிப்ஸ்டிக்கில் அளவு பார்த்து, பேக்கிங்கை மாற்றுங்கள்.

கூலன்ட்: வெல்லப்பாகு கொதிப்பதுபோல் இனிப்பான வாடை. ஹீட் மீட்டர் ஏறும். ஏசியை நிறுத்தி, ஹீட்டரை முழு வேகத்தில் போட்டால் இன்ஜின் சூட்டில் கொஞ்சம் வெளியேறும். அதற்குள் ஓரங்கட்டி இன்ஜினை நிறுத்துங்கள். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் பீய்ச்சும். முக்கால் மணி நேரமாவது காத்திருங்கள்.

ரப்பர்: கீச்சென்ற ஒலியோடு வந்தால் பெல்ட் வழுக்குகிறது. ஏசி போட்டால் மட்டும் வந்தால் கம்ப்ரஸர் பேரிங் பக்கம் பாருங்கள். நிறைய பாரம் ஏற்றி, பள்ளத்தில் இறங்கும்போது மட்டும் வந்தால் டயர் மட்கார்டில் உரசுகிறது.

பாலிதீன் பை: சாலையில் பறந்த பை சைலன்சரில் ஒட்டி உருகுவது அடிக்கடி நடப்பது. குனிந்து பார்த்தால் தெரியும். ஆறியபின் மரக்குச்சியால் சுரண்டிவிடுங்கள்.

வைக்கோல், தாள்: ராயக்கோட்டை, தேன்கனிக்கோட்டை, தளி பக்கத்துக் கிளைச் சாலைகளில் அறுவடைக் காலத்தில் கேழ்வரகுத் தாளும் கொள்ளுச் செடியும் சாலையிலேயே காயப் போடப்படும். அதன் மேல் ஏறிப் போனால் தாள் அச்சில் சுற்றிக்கொண்டு சைலன்சர் சூட்டில் பற்றக்கூடும். முடிந்தவரை விலகி ஓட்டுங்கள். ஏறிவிட்டால் அடுத்த காலியிடத்தில் நிறுத்தி, அடியில் பார்த்து உருவிவிடுங்கள். காய்ந்த புல் மேல் காரை நிறுத்தவும் வேண்டாம்.

கருகல் அல்ல, ஆனால் அதைவிட அவசரம்

பெட்ரோல் வாடை, சிஎன்ஜி காரில் கெட்ட முட்டை போன்ற கேஸ் வாடை: இன்ஜினை நிறுத்துங்கள், எந்த சுவிட்சையும் தொடாதீர்கள், கதவைத் திறந்து விலகுங்கள். சிஎன்ஜி இல்லாத காரில் அழுகிய முட்டை நாற்றம் வந்தால் பேட்டரி அதிகம் சார்ஜ் ஏறிக் கொதிக்கிறது, அல்லது கேட்டலிடிக் கன்வெர்ட்டரில் கோளாறு. சார்ஜ் வோல்ட் 15-ஐத் தாண்டினால் ஆல்டர்னேட்டரைப் பார்க்க வேண்டும். எலெக்ட்ரிக் காரில் அடிப்பக்கம் ‘புஸ்’ என்று ஒலியோடு பெயின்ட் தின்னர் போன்ற நெடி வந்தால் பேட்டரி. சிறு பவுடர் தீயணைப்பானால் அது அடங்காது. அந்தப் புகையைச் சுவாசிக்காமல் தூரப் போய்த் தீயணைப்புத் துறையை அழையுங்கள்.

பயப்பட வேண்டாதவையும் உண்டு. புது கிளட்ச், புது பிரேக் பேட், புது சைலன்சர் முதல் சில நாள் வாடை அடிக்கும். 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பிஎஸ் 6 டீசல் கார்கள் பலவற்றில் புகை வடிகட்டி தனக்குள் சேர்ந்த கரியைத் தானே எரித்துக்கொள்ளும். அப்போது கொஞ்ச நேரம் சூட்டு வாடை வரும். இன்ஜினை நிறுத்தாமல் சீராக ஓட்டினால் முடிந்துவிடும்.

மெக்கானிக்கிடம் இப்படிச் சொல்லுங்கள்

“வண்டில ஏதோ வாடை வருதுண்ணா, பாருங்க” என்றால் அவர் எல்லாவற்றையும் கழற்ற வேண்டும்; கூலியும் ஏறும். “ஜூஜுவாடி வரிசையில அரை மணி நேரம் நின்னேன், அப்பதான் வந்துச்சு. பேப்பர் கருகுன மாதிரி. இருபது நிமிஷம் நிறுத்தினேன், போயிடுச்சு. இப்ப நாலாவது கியர்ல இழுவை கம்மி” என்றால் பாதி வேலை முடிந்தது. எங்கே, எப்போது, எப்படிப்பட்ட வாடை, எதைச் செய்ததும் நின்றது: இந்த நான்கையும் அப்போதே போனில் குறித்துக்கொள்ளுங்கள். கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். கருகிய பிளேட்டை ஒருமுறை கையில் எடுத்து முகர்ந்தவர் அந்த வாடையை மறக்க மாட்டார்.

வண்டியில் எப்போதும் இருக்க வேண்டியவை: கைக்கு எட்டும் இடத்தில் ஒரு கிலோ ஏபிசி பவுடர் தீயணைப்பான், சிவப்பு முக்கோணம், டார்ச், 10 நம்பர் ஸ்பானர், உதிரி ஃபியூஸ்கள், தடித்த கையுறை, இரண்டு லிட்டர் தண்ணீர், கண்ணாடி உடைக்கும் சிறு சுத்தியல். பக்கக் கண்ணாடியின் மூலையில் அடித்தால் உடையும். முன்கண்ணாடி எளிதில் உடையாது.

அடுத்த முறை எல்லை வரிசையில் வாடை வந்தால் முன்னால் நிற்கும் லாரியைக் காட்டி யாராவது ஏதாவது சொல்வார்கள். அது உண்மையாகவும் இருக்கலாம். இருந்தாலும் வளைந்த அம்பு பட்டனை அழுத்துங்கள், வாடை குறைந்ததுபோல் தோன்றினாலும் இடது ஓரம் ஒதுங்கி இறங்கி ஒரு சுற்று வந்து பாருங்கள். லாரியின் வாடைதான் என்றால் உங்களுக்கு நஷ்டம் ஐந்து நிமிடம். உங்களுடையது என்றால் அந்த ஐந்து நிமிடத்தில் பிளேட் தப்பும்; சில நேரம், பின்சீட்டில் தூங்கிக்கொண்டிருக்கும் பிள்ளைகளும் தப்புவார்கள்.